அரிசி ஆலைக்குப் பின்னால் கிடந்த லேலண்ட் பஸ்: துருவை எங்கிருந்து தொடங்குவது?

#1 தாராபுரத்தான்

வணக்கம். இரண்டு வருடமாக மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று நானே எழுத வேண்டியதாகிவிட்டது, போன செவ்வாய்க்கிழமை ஒரு பஸ் வாங்கிவிட்டேன். வீட்டில் "ஒரு பழைய வண்டி" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மனைவி கார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

காங்கேயம் பக்கம் மூடிக்கிடக்கும் ஓர் அரிசி ஆலை. அதன் பின்புறம் ஓர் அசோக் லேலண்ட் காமெட். சீமைக்கருவேலம் ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து கூரை வழியாக வெளியே வந்திருக்கிறது. ரொம்ப நாள் தவிட்டு மூட்டை போட்டுவைக்கும் இடமாக இருந்ததாம், அப்புறம் கோழிக்கூடு, அப்புறம் எதுவுமில்லை. நான் போனது நெல் அவிக்கும் பழைய அண்டா ஒன்றை விலை கேட்க. அங்கே காயலான் கடைக்காரர் கேஸ் கட்டரோடு வந்து நின்று எடைக்குப் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன விலைக்கு மேல் பத்தாயிரம் போட்டு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்துக்கு முடித்தேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும், அதை யாரும் சொல்ல வேண்டாம்.

நிலவரம் இதுதான். சேசிஸ் (அடிச்சட்டம்) முழுக்கத் துரு, ஆனால் வளையவில்லை. பாடி மரச்சட்டம், மேலே அலுமினியத் தகடு. தரைப் பலகையில் பாதி இல்லை. எஞ்சின் அசையவில்லை. டயர் ஆறும் மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஆர்.சி. புத்தகம் இல்லை. எந்த வருடத்து வண்டி என்று தெரியாது, ஆலைக்காரர் "ஜி.டி. நாயுடு கம்பெனி பஸ்சுங்க" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி முன்பக்கத்திலிருந்து தேய்க்க ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

#2 கரூர் ரிவெட்

கிரைண்டரைக் கீழே வையுங்கள் தம்பி.

முதல் வேலை கேமரா. உள்ளே, வெளியே, அடியில், கூரையில் என்று ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுங்கள். சலித்துப் போகும், அப்போது இன்னும் ஐம்பது எடுங்கள். அடுத்தது மட்டக்கோல். நான்கு மூலைக்கும் குறுக்களவு எடுத்து எழுதி வையுங்கள். மரச்சட்டம் உளுத்த பாடியில் தகடுதான் சட்டத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். தகட்டைக் கழற்றிய மறுநாள் பாடி ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அப்புறம் அது முன்னால் எப்படி நின்றது என்று சொல்ல ஆள் கிடையாது. உள்ளே குறுக்கே முட்டுக் கொடுத்துவிட்டு ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். கழற்றிய ஒவ்வொரு துண்டுக்கும் எண் போடுங்கள். சாக்பீஸில் போடாதீர்கள், ஒரு மழைக்குப் போய்விடும்.

இன்னொன்று. சேசிஸ் நம்பர் எங்கே குத்தியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை சேசிஸ் பக்கம் கிரைண்டர் போகவே கூடாது. துருவோடு சேர்த்து நம்பரையும் தேய்த்துத் தள்ளிய ஆள் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வண்டிக்கு இப்போது பெயர் இல்லை.

#3 டிப்போ மெக்கானிக்

சேரன் போக்குவரத்துக் கழகத்தில் 1978-ல் ஹெல்ப்பராகச் சேர்ந்து காமெட் எஞ்சினுக்குக் கீழேயே பாதி ஆயுளைக் கழித்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

எஞ்சினில் லேலண்ட் 350 என்று இருக்கிறதா, 370-ஆ, 400-ஆ என்று பாருங்கள். அந்த எண் கன அங்குலக் கணக்கு. 350 என்றால் சுமார் 5.7 லிட்டர், ஆறு சிலிண்டர். ஆனால் எஞ்சினை வைத்து வருடம் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் எஞ்சின் மாற்றுவதெல்லாம் சட்டை மாற்றுவது மாதிரி.

எஞ்சின் அசையவில்லை என்றால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், தள்ளியும் பார்க்காதீர்கள். டீசல் பீய்ச்சும் நாசில் ஆறையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் பழைய கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டம்ளர் ஊற்றுங்கள். ஒரு வாரம் விடுங்கள், வற்றினால் மறுபடி ஊற்றுங்கள். அப்புறம் ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரை கொடுத்து இந்தப் பக்கம் ஒரு பல், அந்தப் பக்கம் ஒரு பல் என்று ஆட்ட வேண்டும். ஒரே பக்கம் அழுத்திப் பிடித்தால் ரிங் உடையும். முக்கால்வாசி ஒன்றிரண்டு சிலிண்டர்தான் பிடித்திருக்கும். நிறுத்தியபோது எந்த வால்வு திறந்து நின்றதோ அந்த வழியாக ஈரம் போயிருக்கும், மற்றதெல்லாம் எண்ணெயோடு அப்படியே இருக்கும்.

சக்கரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதைச் சிரித்துக்கொண்டே படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அது லாக் ரிங் வைத்த டிஸ்க்காக இருக்கும், அதாவது டயரைக் கழன்றுவிடாமல் பிடித்து வைக்கும் இரும்பு வளையம். துருப்பிடித்த லாக் ரிங் காற்றடிக்கும்போது தெறித்தால் ஆள் தலை இருக்காது. கண்ணால் பார்த்தவன். ரிங்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, விரிசல் இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள். காற்றடிக்கும்போது ரிங் பக்கம் தரையைப் பார்க்கட்டும், சங்கிலி சுற்றிக் கட்டுங்கள், நீங்கள் நீள ஹோஸில் தள்ளி நில்லுங்கள்.

#4 எதிர்க்கட்சி

பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வேண்டாம் என்றீர்கள், சொல்லவில்லை. கணக்கு மட்டும் கேட்கிறேன். டயர் ஆறு, ட்யூப், ஃப்ளாப், தேக்கு, அலுமினியம், எஞ்சின் வேலை. இதெல்லாம் முடிந்து எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

#5 தாராபுரத்தான்

எதிர்க்கட்சி அண்ணே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வெட்டப் போகிறார்கள் என்றதும் வாங்கிவிட்டேன், அவ்வளவுதான் நடந்தது.

மற்ற இருவருக்கும் நன்றி. கிரைண்டர் மூட்டைக்குள் போய்விட்டது.

#6 மணிக்கயிறு

என் அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பிறகு அந்தத் தடத்தை அரசு எடுத்துக்கொண்டது, அப்பாவும் அரசுக் கண்டக்டர் ஆனார். பழைய பஸ் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கூரையோரம் ஓடும் மணிக்கயிறுதான், அதனால்தான் இந்தப் பெயர்.

ஜி.டி. நாயுடு கதையை அப்படியே நம்பாதீர்கள். அவர் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கினார், அதுதான் பிற்பாடு யு.எம்.எஸ். பஸ் கம்பெனி ஆனது. அதிலிருந்து எங்கள் பக்கத்தில் கிடக்கும் எந்தப் பழைய தகரத்தைக் காட்டினாலும் "நாயுடு பஸ்" என்பார்கள். உங்கள் வண்டி அவ்வளவு பழையதாக இருக்க முடியாது. எண்ணூர்க் கம்பெனி 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில்தான் தொடங்கியது, ஆஸ்டின் கார் கோத்துக்கொண்டிருந்தார்கள். லேலண்ட் பங்கு சேர்ந்து அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது 1955-ல். முகப்பில் அந்தப் பெயர் இருந்தால் வண்டி அதற்குப் பிறகுதான்.

ஸ்பீடோமீட்டர் மைலா, கிலோமீட்டரா? டைனமோ மேல் யார் பெயர்? பார்த்துச் சொல்லுங்கள்.

#7 தாராபுரத்தான்

மைல்! கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், மைல்தான். டைனமோவில் லூகாஸ் டி.வி.எஸ். பட்டை. முகப்பில் அசோக் லேலண்ட் எழுத்து, "லே" மட்டும் உடைந்து போயிருக்கிறது.

#8 மணிக்கயிறு

லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனி சென்னைப் பக்கம் பாடி என்ற ஊரில் தொடங்கியது 1961. அப்போ டைனமோ அதற்கு முன்னால் வந்திருக்க முடியாது. ஆனால் டிப்போ ஐயா சொன்ன மாதிரி அதையும் இடையில் மாற்றியிருக்கலாம். மைல் மீட்டர் என்றால் வண்டி அறுபதுகளின் ஆரம்பத்தைத் தாண்டாது என்று தோன்றுகிறது. எடையும் அளவும் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. உறுதியாகச் சொல்ல வேறு ஏதாவது வேண்டும். பெயிண்ட்டை மட்டும் சுரண்டிவிடாதீர்கள்.

#9 சில்லுக்காரன்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன் தம்பி. எங்கட பக்கம் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் இன்னும் ஓடுகின்றன. யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாமல், ஸ்ராட் பண்ண மட்டும் ரெண்டு துளி பெற்றோல் விட்டு மண்ணெண்ணெயில் ஓட்டின ஆக்கள் நாங்கள். அதனால் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சின்னச் சின்ன இரும்புச் சாமான்களுக்கு, அதாவது கொண்டி, பிணைச்சல், இருக்கைக் கால், இதுகளுக்கு மொலாசஸ் வைத்தியம் செய்யுங்கோ. சீனி ஆலைக் கழிவுப்பாகு ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. ஒரு பிளாஸ்ரிக் பீப்பாயில் போட்டு இரண்டு மூன்று கிழமை ஊறவிட்டால் துரு மட்டும் கழன்று இரும்பு அப்படியே நிற்கும். மணம் தாங்க ஏலாது, வீட்டுக்குக் கிட்ட வைக்காதையுங்கோ. அலுமினியம் எதையும் அதுக்குள்ள போடக் கூடாது, தின்றுவிடும்.

அவசரமெண்டால் மின்சாரம். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் சாமானை பற்றறி சார்ஜரின் நெகற்றிவ் பக்கம் கட்டுங்கோ, பொசிற்றிவ் பக்கம் வேண்டாத இரும்புத் துண்டு. அந்த இடத்தில் எவர்சில்வர் துண்டு போடாதையுங்கோ, தண்ணீர் நஞ்சாகிப் போகும். திறந்த வெளியில் செய்யுங்கோ, வருகிற குமிழி ஐதரசன்.

#10 தாராபுரத்தான்

மூன்று வாரம் ஆயிற்று. வண்டி இப்போது எங்கள் தோட்டத்துக் கொட்டகையில். லோபெட் வண்டி (தாழ்ந்த தளமுள்ள லாரி), ஒரு கிரேன், இங்கே பழக்கமான நான்கு பேர், ஆலைக்காரரின் மாமனார் ஆக மொத்தம் ஒரு நாள் முழுக்க ஆனது. கருவேல மரத்தை வெட்டி எடுக்கவே பாதி நாள். உள்ளேயிருந்து வந்தவை: பாம்புச் சட்டை மூன்று, பெருக்கான் குடும்பம் ஒன்று, 10 பைசா அலுமினிய நாணயம் ஒன்று.

மனைவி பார்த்தாள். பத்து நிமிடம் பேசவில்லை. அப்புறம், "இதுக்கு ஒரு கொட்டகை பத்தாது" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு தப்பும் செய்துவிட்டேன், திட்டலாம். முன்பக்கத் தகடுகளைச் சீக்கிரம் சுத்தம் செய்துவிடலாம் என்று மணல் வீசித் துரு எடுக்கும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். "அலுமினியம் பண்ணுவீங்களா" என்று கேட்டேன், "தாராளமா" என்றார்கள். திரும்பி வந்தது பொரித்த அப்பளம். மொத்தமும் நெளிந்துவிட்டது. கேட்டால் "தகடு பழசுங்க" என்கிறார்கள். மேலே இருந்த பெயிண்ட்டும் போய்விட்டது.

இன்னொரு தப்பு, இடது பக்க ஜன்னல் சட்டங்களைக் கழற்றி எண் போட்டேன். சாக்பீஸில்.

#11 கரூர் ரிவெட்

சாக்பீஸ் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் செய்தீர்களா?

சரி. நெளிந்த தகட்டைக் கொட்டாப்புளியால் அடித்து ஓரளவு சமன் செய்யலாம், முகப்பு வளைவுகளைப் புதிதாகத்தான் அடிக்க வேண்டும். மெல்லிய அலுமினியத்தில் மணல் வேகமாக மோதினால் ஒரு பக்கம் மட்டும் நீண்டு கொடுக்கும், அதனால்தான் நெளிவு. பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜன்னல் சட்டத்துக்கு ஒரு யோசனை. என் தொழில் குரு ஒருவர் இருக்கிறார், பஸ் பாடி ஆசாரி, எழுபத்தாறு வயது. வரும் ஞாயிறு கூட்டி வருகிறேன். டீ மட்டும் நல்லதாகப் போடுங்கள், மற்றபடி எதுவும் கேட்க மாட்டார்.

#12 டிப்போ மெக்கானிக்

ஆசாரி வருமுன் என் கருத்தையும் போட்டு வைக்கிறேன். மரத்தை விட்டுத் தொலையுங்கள். சதுரப் பைப்பில் கூடு அடித்து மேலே தகடு ஏற்றினால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும், கரையான் பயமில்லை, கவிழ்ந்தாலும் நசுங்காது. இன்று எந்தப் பாடியும் மரத்தில் கட்டுவதில்லை, காரணத்தோடுதான் விட்டார்கள்.

#13 கரூர் ரிவெட்

ஐயா, ஆள் ஏற்றி ஓட்டும் வண்டிக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. இது அந்த வண்டி இல்லை. பைப் போட்டால் ஜன்னல் கம்பத்தின் பருமன் மாறும், ஜன்னல் அளவு மாறும், கூரை வளைவு மாறும். கடைசியில் பழைய லேலண்ட் சேசிஸ் மேல் புது டவுன் பஸ் நிற்கும். இன்னொன்று, இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு மழையில் நனைந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பழைய ஆசாரிகள் மரத்தை நடுவில் வைத்ததில் அந்தச் சண்டையும் இல்லாமல் போனது. இரும்பு பிராக்கெட் தொடுகிற இடத்தில் மட்டும் பெயிண்ட்டில் தோய்த்த துணி வைத்து அடிப்பார்கள். பிரித்துப் பாருங்கள், இருக்கும்.

#14 எதிர்க்கட்சி

நான் எதிர்க்கட்சிதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மரம் பக்கம். பைப்பில் கட்டுவதென்றால் புது பஸ்ஸே வாங்கியிருக்கலாம்.

#15 தாராபுரத்தான்

பெரியவர் வந்தார். வந்தவர் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றினார், எதுவும் சொல்லவில்லை. குவியலாகக் கிடந்த ஜன்னல் கம்பங்களில் ஒன்றைத் தூக்கி, துளைக்குள் செருகும் அடிப்பக்கக் கழுந்தில் ஒட்டியிருந்த பெயிண்ட்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். உளியால் வெட்டிய மூன்று கோடு. அடுத்ததில் ஐந்து கோடு. தரைச் சட்டத்துத் துளைக்குப் பக்கத்திலும் அதே மாதிரி கோடுகள், அவ்வளவு நாள் பார்த்தும் என் கண்ணில் பட்டதில்லை. கட்டிய ஆசாரியே எண் போட்டு வைத்திருக்கிறார். இந்தப் பாடியில் எந்த இரண்டு ஜன்னலும் ஒரே அளவில்லை, கால் அங்குலம், அரை அங்குலம் என்று ஒவ்வொன்றும் வித்தியாசம். வரைபடம் வைத்துக் கட்டவில்லை, ஒரு கம்பத்தை நிறுத்தி அதைப் பார்த்து அடுத்ததைச் செதுக்கிக்கொண்டே போயிருக்கிறார் என்று பெரியவர் சொன்னார். "அதனால கோடு போட்டாகணும், இல்லைன்னா அவனுக்கே மறுநாள் தெரியாது." குவியல் முழுவதும் இருபது நிமிடத்தில் வரிசையாகிவிட்டது.

மரத்தை அவர் சோதித்த விதமும் எழுத வேண்டும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார், டங் என்றால் நல்லது, பொத் என்றால் சாக்பீஸில் (ஆமாம்) ஒரு பெருக்கல் குறி. நான் நாற்பது கம்பமும் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். பெருக்கல் விழுந்தது பதினொன்றில்தான், எல்லாம் மழை இறங்கிய இடது பக்கமும் படிக்கட்டு ஓரமும். அதிலும் ஆறில் அடி மட்டும் உளுத்திருக்கிறது, அதை வெட்டிவிட்டு சாய்வு வெட்டில் புதுத் தேக்கு ஒட்டினால் போதும் என்கிறார். தேக்கு தேடிக்கொண்டிருக்கிறேன். இடித்த வீட்டு உத்தரம் கிடைத்தால் நல்லது, ஊறிக் காய்ந்து முடிந்த மரம், இனி முறுக்காது.

டிப்போ ஐயா, கோபிக்க வேண்டாம். மரம்தான்.

#16 டிப்போ மெக்கானிக்

கோபமில்லை. உளிக்கோடு விஷயம் எனக்கே தெரியாது, இத்தனை வருடம் பாடிக்கடியில் படுத்திருந்தும்.

சேசிஸுக்கு வாருங்கள். அதற்கும் அதே சுத்தியல்தான். ரிவெட் தலைகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், பக்கத்தில் விரல் வைத்தால் தளர்ந்த ரிவெட் அதிரும். தளர்ந்ததை அறுத்தெடுத்துவிட்டு அளவான போல்ட் போட்டு முறுக்குங்கள். சேசிஸ் நீளச் சட்டத்தின் மேல், கீழ்ப் பட்டையில் வெல்டிங் வைக்கவே வேண்டாம், சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் நாளைக்கு விரிசல் விடும். கமான்பட்டையைப் பிரித்து ஒவ்வொரு இலையையும் தேய்த்து கிராஃபைட் கிரீஸ் வைத்துக் கட்டுங்கள். பிரேக் லைனிங்கைக் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் கல்நார் உண்டு. ஈரத்துணியால் துடைத்து ஒரு பையில் கட்டிப் போடுங்கள்.

எஞ்சின் என்ன ஆயிற்று?

#17 தாராபுரத்தான்

ஐந்து சிலிண்டர் விட்டுவிட்டது. நான்காவது மட்டும் பிடிவாதம்.

#18 சில்லுக்காரன்

நாலாவதுக்குள்ள மட்டும் சூடான எண்ணெய் விடுங்கோ. பொறுமை தம்பி.

#19 மணிக்கயிறு

இதை எழுதும்போது கை இன்னும் சாம்பல் நிறமாக இருக்கிறது.

நேற்று கோவையிலிருந்து காலை பஸ் பிடித்துப் போனேன். மொத்தம் ஏழு பேர். எனக்குக் கொடுத்த வேலை பின்பக்க உள்தகடு, அதாவது கடைசி இருக்கைக்கு மேலே இருக்கும் தகடு. மேலே பச்சை, அதற்குக் கீழே ஒரு கிரீம், அதற்கும் கீழே நீலம். நானூறு நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு, ஒரு நேரத்தில் உள்ளங்கை அளவு மட்டும் தேய்த்துக்கொண்டு போனேன். நீலத்தில் வெள்ளை எழுத்து தெரிந்தது. முதலில் "ஊதி" என்று படித்தேன், என்ன ஊதி என்று புரியவில்லை. இன்னும் இரண்டு விரல் தேய்த்ததும் "ஊதியூர்".

கட்டண அட்டவணை! காங்கேயத்தில் தொடங்கி ஊதியூர் வழியாகத் தாராபுரம். பக்கத்தில் எண்கள். எண்களுக்கு மேலே சின்னதாக இரண்டு எழுத்து: "ந.பை."

நயா பைசா. 1957 ஏப்ரலில் வந்தது, 1964 ஜூனில் "நயா" போய் வெறும் பைசா ஆனது. அந்த நீல பெயிண்ட் அடித்தது அந்த ஏழு வருடத்துக்குள். அதற்குக் கீழே வேறு பெயிண்ட் இல்லை, நேராகத் தகடுதான், ஆகவே பாடியும் அப்போது கட்டியதுதான். டைனமோவும் கூடவே பிறந்தது என்றால் 1961-லிருந்து 1964-க்குள். ஆர்.சி. புத்தகம் இல்லாமலே வண்டி தன் வயதைச் சொல்லிவிட்டது.

நாங்கள் ஏழு பேரும் கொஞ்ச நேரம் அதன் முன்னால் சும்மா நின்றோம். பெரியவர் மட்டும் டிக்கெட் விலையைப் படித்துவிட்டு "அன்னிக்கே அநியாயம்" என்றார்.

#20 கரூர் ரிவெட்

முகப்புத் தகட்டில் கம்பெனி பெயரே இருந்திருக்கும். மணல் தின்றுவிட்டது.

#21 தாராபுரத்தான்

தெரியும் அண்ணே. நேற்று ராத்திரி அதை நினைத்துக்கொண்டேதான் படுத்திருந்தேன்.

இப்போது ஒரு கேள்வி. முழுவதும் நீலம் அடிப்பதா, பச்சை அடிப்பதா? ஆலைக்காரருக்கு ஞாபகமிருப்பது பச்சை. அந்த உள்தகட்டை என்ன செய்வது?

#22 எதிர்க்கட்சி

நீலம். ஆனால் அந்தத் தகட்டில் கை வைத்தால் நான் இங்கே வருவதையே நிறுத்திவிடுவேன். பாதி தெரிகிறது என்றால் பாதியாகவே இருக்கட்டும்.

#23 மணிக்கயிறு

ஆமாம், மீதியைத் தேய்க்க வேண்டாம். பச்சையும் கிரீமும் ஓரத்தில் படிப்படியாகத் தெரிகிற மாதிரி விட்டு, மேலே நிறமில்லாத வார்னிஷ் மட்டும் பூசுங்கள். "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" எழுத மட்டும் கையால் எழுத்து வரையும் கலைஞர் யாராவது வேண்டும், ஸ்டிக்கர் ஒட்டினால் நானும் வர மாட்டேன்.

#24 பர்மிட் பாண்டி

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், கெட்ட செய்தி சொல்ல வருகிறேன். 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும், வி.ஏ. என்ற எழுத்தோடு நம்பர், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த விதியில் வருவது இரு சக்கர வண்டியும் காரும்தான். பஸ்ஸுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

அதனால் இப்போதைக்குத் தோட்டத்துக்குள் ஓட்டுங்கள், கண்காட்சிக்கு லோபெட்டில் கொண்டுபோங்கள். ஆனாலும் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, வாங்கிய ரசீதையும் ஆலைக்காரரிடம் ஓர் ஒப்புதல் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். நாளைக்கு விதி மாறினால் காகிதம் உள்ளவனுக்குத்தான் கதவு.

#25 தாராபுரத்தான்

நம்பர் கிடைத்துவிட்டது, துருவுக்குக் கீழே சுத்தமாக இருக்கிறது. வெறும் வயர் பிரஷ், கையால். பென்சில் பிரதி இரண்டு எடுத்தாயிற்று.

அப்புறம் நான்காவது சிலிண்டரும் விட்டுவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம், கடப்பாரை என் கையில், டிப்போ ஐயா போனில். "கிர்ர்" என்று ஒரு சத்தம், அவருக்கே கேட்டிருக்கிறது.

#26 டிப்போ மெக்கானிக்

கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே இந்த ஞாயிறு நேரில் வருகிறேன். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்கில் இருக்கும் பழைய டீசல் தார் மாதிரி ஆகியிருக்கும், அதைத் தொடாமல் வெளியே ஒரு கேன் கட்டி அதிலிருந்து கொடுப்போம். பம்பையும் நாசிலையும் கோயம்புத்தூரில் சோதனை பெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டீசல் குழாயில் மாட்டிய ஏர் எடுக்க நான் இருக்கிறேன். ஒரு நல்ல பலகை, ஓர் ஈரச்சாக்கு தயாராக வையுங்கள். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்பு ராக் சிக்கிக்கொண்டு எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறினால் சாவியைத் திருப்பி ஒன்றும் ஆகாது, காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்கப் போய்விடாதீர்கள்.

#27 தாராபுரத்தான்

ஓடியது.

பதினொன்றே கால் மணிக்கு. முதல் இரண்டு தடவை வெறும் புகை. மூன்றாவது தடவை மூன்று சிலிண்டர் பேசியது, அப்புறம் நான்கு, அப்புறம் கொட்டகைத் தகரம் எல்லாம் சேர்ந்து அதிர ஆரம்பித்தது. ஆறாவது மட்டும் இன்னும் தப்பித் தப்பி அடிக்கிறது. நாற்பது நொடிதான் விட்டோம், ரேடியேட்டரில் தண்ணீர் நிற்கவில்லை. சைலன்சர் வழியாகத் தவிடு பறந்து பெரியவர் தலை முழுக்க வெள்ளை. பலகை தேவைப்படவில்லை. டிப்போ ஐயா கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், நான் கேட்கவில்லை.

மனைவி எஞ்சின் பானட் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். சின்ன வயதில் ஊருக்குப் போகும்போது அவளுக்கு அந்த இடம்தான் கிடைக்குமாம், சூடு தாங்காதாம். இதை இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை.

இனி பட்டியல்: ரேடியேட்டர், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், 9.00-20 டயர் ஆறு (பழையது போதும், தோட்டத்துக்குள்தானே), தேக்கு இன்னும் எட்டு அடி. யாரிடமாவது பழைய ரப்பர் பல்ப் ஹார்ன் இருந்தால் சொல்லுங்கள்.

#28 எதிர்க்கட்சி

ஹார்ன் என்னிடம் இருக்கிறது. ரப்பர் கிழிந்தது, பித்தளை நன்றாக இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்து எடுத்து வருகிறேன். காசு வேண்டாம், பேச்சு மட்டும் கொடுக்காதீர்கள்.

#29 மணிக்கயிறு

மணிக்கயிறு நான் வாங்கிவிட்டேன். அப்பாவின் விசிலும் இருக்கிறது, கொண்டுவரவா?

#30 தாராபுரத்தான்

கட்டாயம் கொண்டுவாருங்கள் அக்கா. படிக்கட்டு இன்னும் மாட்டவில்லை, முக்காலி போட்டுத்தான் ஏற வேண்டும்.